முன்ஃபோர்க்குக்குள் ஒரு தோல் கதை

நெமிலியிலிருந்து பனப்பாக்கம் போகும் வழியில் ஒரு பழைய புல்லட் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 11 மீட்டர். எதிரே ஓரடி நீளத்துக்கு ஒரு குழி. அதைக் கடக்க ஒரு நொடியில் முப்பத்தாறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அதற்குள் முன்சக்கரம் கீழே இறங்கி, எதிர் விளிம்பில் மோதி, மேலே ஏறிவிட வேண்டும். ஓட்டுபவரின் கையோ அசையக் கூடாது. இவ்வளவையும் பார்த்துக்கொள்வது ஹேண்டில்பாருக்குக் கீழே இறங்கும் இரண்டு கால்கள். மெக்கானிக்குகள் ஃபோர்க் என்று சொல்வது இதைத்தான்.

ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு குழாய்கள். உள்ளே ஒரு நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அது வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் குழியைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டே போகும். குதிக்கிற டயர் தரையைத் தொடாது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. அந்த ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். எண்ணெய் அதற்காகத்தான். கால்கள் சறுக்கும்போது அது சிறு துளைகள் வழியே பிதுங்கி ஓடுகிறது. அடியின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

இதில் என்னை வியக்க வைப்பது துளையின் கணக்கு. சிறு துளை வழியே பாயும் திரவத்தின் தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமாக ஏறும்: இரு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தடை. இடுப்பளவு ஏரித் தண்ணீரில் மெல்ல நடக்கலாம், ஓட முடியாது; அதே நியாயம்தான் இதுவும். சின்ன மேட்டுக்கு இளகி, பெரிய குழிக்கு இறுகும் இந்த ஏற்பாட்டில் சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கால் அமுங்கி அந்த இடம் பாதியானால் காற்றின் அழுத்தம் இரு மடங்கு ஆகும். அதனால்தான் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் நன்மை இல்லை. காற்றுக்கு இடமில்லாமல் போய், எண்ணெயை அடைத்துக் காக்கும் சீல் பிதுங்கிவிடும்.

எண்ணெய்த் தடையோடு கூடிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தொழிற்சாலை வண்டியில் முதலில் கொண்டுவந்தது 1935-இல் பி.எம்.டபிள்யூ, வண்டியின் பெயர் ஆர்12. ராயல் என்ஃபீல்டின் 1949 புல்லட்டிலும் அதே முறைதான். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கென 350 சிசி புல்லட்டுகளைத் தேர்ந்தெடுக்க, 1955-இல் ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி செய்யத் தொடங்கியது. எண்பதுகளில் அதே நிறுவனம் ராணிப்பேட்டையிலும் ஓர் ஆலை வைத்து, சில்வர் பிளஸ் போன்ற சிறு வண்டிகளைச் செய்தது.

ஃபோர்க்கின் சாமர்த்தியம் எல்லாம் எண்ணெய் உள்ளே இருக்கும் வரைதான். அதைக் காப்பது ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். குழாய் தடையில்லாமல் சறுக்க வேண்டும், எண்ணெய் மட்டும் வெளியேறக் கூடாது என்பது அதற்கு இட்ட வேலை. முழுக்க வழித்துத் துடைத்துவிட்டாலும் ஆபத்துதான். குழாயைத் தொடும் சீலின் விளிம்பு, அதாவது உதடு, உலர்ந்து உராய்ந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நடுவே இருந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வளையத்தின் வரலாறு தோல் பதனிடும் பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சொந்தக் கதை போலவே இருக்கும்.

1795-இல் லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் கூடக் கூடத் தண்ணீர் பிஸ்டனின் ஓரமாகக் கசிந்தது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே கிண்ணம் போல வளைத்த ஒரு தோல் வளையத்தை அங்கே பொருத்தினார். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த அழுத்தமே தோலின் விளிம்பைப் பிஸ்டனோடு ஒட்ட வைக்கும். இறங்கினால் விளிம்பு தளர்ந்துவிடும். இன்றைய சீலின் உதட்டுக்கும் அடிப்படை இதுதான்.

தோல் நீரைப் பிடிக்கும் என்பது வட ஆர்க்காட்டு விவசாயிக்குப் புதிய செய்தி அல்ல. கவலை இறைப்பில் கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது தோல் பைதானே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைச் சோதித்தபோது, அந்தத் தோலால் செய்ய நினைத்தவற்றில் கவலைப் பையும் ஒன்று.

அடுத்த திருப்பம் ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில். அங்கே ஃப்ராய்டன்பர்க் என்ற தோல் ஆலை 1849 முதல் நடந்துவந்தது. 1929-இன் பொருளாதாரச் சரிவில் தோலுக்குச் சந்தை விழ, தோலில் வேறு என்ன செய்யலாம் என்று தேடி இயந்திரங்களுக்கான சீல்களைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர், உதட்டைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங்கைக் கட்டி, அது எப்போதும் தண்டைப் பற்றியிருக்கும்படி செய்தார். சுழலும் தண்டுகளுக்காகப் பிறந்த அந்த சிம்மர் வளையத்தின் உறவுதான் ஃபோர்க்கில் இருக்கும் சீல். 1936-இல் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருப்பது போன்ற ஒரு தோல் ஆலையில்தான் இன்று உலகத்து வண்டிகளில் எல்லாம் இருக்கும் அந்த வளையம் உருவானது.

சீலின் ஆயுள் அது உரசும் குழாயின் கையில் இருக்கிறது. அந்தக் குழாயின் மேற்பூச்சு குரோமியம். தோலைப் பதனிடுவதும் குரோமியம்தான். தோலில் அது உப்பாகச் சென்று கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கோத்து, அழுகாமலும் கொதிநீருக்குச் சுருங்காமலும் காக்கிறது. குழாயிலோ உலோகமாகவே படிந்து, எஃகைவிடக் கடினமான வழவழப்பைத் தருகிறது. நன்மையோடு தீங்கும் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் செய்துவந்த ஓர் ஆலை மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே தங்கிவிட்டது. அதிலிருந்து கசியும் அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தருவது. நிலத்தடி நீரில் கலந்துவிட்ட அதை மீட்டெடுப்பது மிகக் கடினம். அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவையும் குரோமியத்தின் விலையில் சேர்த்தே எண்ண வேண்டும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். ஃபோர்க்கில் எண்ணெய் வழிந்தால் சீலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவது வழக்கம். சில மாதத்தில் மறுபடி வழியும். முதலில் குழாயை விரல்நகத்தால் மேலும் கீழும் தடவிப் பார்க்க வேண்டும். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே துருக்குழி இருக்கிறது. ஒவ்வொரு அமுக்கத்திலும் அது புதுச் சீலின் உதட்டைக் கிழிக்கும். பிறகு குழாயைச் சமமான கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் பெண்டு தெரிந்துவிடும். குழி விழுந்த குழாயை மறுபடி ஹார்ட் குரோம் போட்டு கிரைண்ட் செய்யலாம், இல்லையென்றால் மாற்றலாம். எதைச் செய்தாலும் இரண்டு கால்களிலும் எண்ணெய் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்காகவும் தோற்றத்துக்காகவும் வேறு வண்டியின் ஃபோர்க்கையே மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஹேண்டில் திரும்பும் சாய்வான அச்சுக் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். ஓடும் வண்டியை நேராக வைப்பதில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. புல்லட்டின் இரு சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 1,370 மில்லிமீட்டர். ஃபோர்க் ஓரங்குலம் நீண்டாலே சாய்வு 1 டிகிரி கூடி, அந்த இடைவெளி 6, 7 மில்லிமீட்டர் வளரும், ஹேண்டில் கனக்கும். குறைந்தால் வண்டி துடியாகத் திரும்பி, வேகத்தில் தள்ளாடும். ஆகவே, குழாய் பிழைக்கும் நிலையில் இருந்தால் பழைய புல்லட்டுக்கு அதன் சொந்த ஃபோர்க்கைச் சீர்செய்வதே மேல் என்பேன்.

கழற்றி வடித்த பழைய எண்ணெயைத் தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். நெமிலி வழியே ஓடும் கொசஸ்தலையாறு பூண்டி ஏரிக்குப் போகிறது. அது சென்னையின் குடிநீர். ஒரு கேனில் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.