வளர்ப்பதா, வாங்குவதா?

அமெரிக்கக் கால்பந்தில், கையால் எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். அவ்விடத்திற்கு இளைஞரை வளர்ப்பதா, தேர்ந்தவரைக் கொணர்வதா?

2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, அனுபவமிக்க ஓடெல் பெக்காமைப் பருவத்தின் நடுவே சேர்த்தது. 2022 பிப்ரவரி இறுதிப் போட்டியில் முதற் புள்ளிகளை ஈட்டியவர் அவரே; கோப்பையும் கிட்டியது. ஆயினும் அன்றே முழங்காலில் காயமுற்ற அவர், மீண்டும் அவ்வணிக்கு ஆடினாரில்லை.

2023-இல் அதே அணி ஐந்தாம் சுற்றில் தேர்ந்தெடுத்த இளைஞர் புக்கா நக்குவா, 105 பந்துகளைப் பிடித்து 1,486 கெஜம் ஈட்டினார். முதலாண்டு ஆட்டக்காரர் எவரும் அதுவரை எட்டாத அளவு அது. 2017 முதல் அவ்வணியே வளர்த்த கூப்பர் கப், மூத்தவராய் உடனிருந்தார்.

வெற்றி ஒன்றையே கருதி, பள்ளி அணியில் இளையோர்க்கு இடந்தராத தவற்றை நானும் செய்தேன். தேர்ந்தவர்கள் பள்ளியை விட்டகன்றதும் வெறுங்கையனாய் நின்றேன். மூத்தவர் துணை வேண்டும்; ஆனால் இளையவர்க்கு இன்றே களம் வேண்டும்.