வாழ்க்கை தாம்பரத்தில், ஓட்டு ஊரில்

2024 ஏப்ரல் 18. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இருந்து தென் மாவட்டங்களுக்குச் சிறப்புப் பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. விழுப்புரம், திருச்சி, மதுரை, நெல்லை என்று ஊர்ப் பெயர் ஒலித்ததும் கூட்டம் படிக்கட்டை மொய்த்தது. இப்படி ஊருக்குப் போகிறவர்களில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர்ப் பக்கம் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களும் உண்டு. வாடகை கொடுப்பது இங்கே, பிள்ளைகள் படிப்பது இங்கே, மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதும் இங்கேதான். ஓட்டு மட்டும் ஊரில்.

அந்தத் தேர்தலில் தமிழகம் முழுவதும் 69.72 சதவீத வாக்குகள் பதிவாயின. தர்மபுரி 81 சதவீதத்தைத் தாண்டியது. சோழிங்கநல்லூர், வேளச்சேரியை உள்ளடக்கிய தென்சென்னையில் 54 சதவீதம்தான். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இதற்கு ஒரே தீர்ப்பு சொல்லப்படுகிறது: படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை, லீவு விட்டால் தூங்கிவிடுகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை வாக்காளர் பட்டியலில் இருக்கிறது.

புறநகரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதம். வீடு மாறும்போது காஸ் இணைப்பு மாறும், பள்ளி மாறும். வாக்காளர் அட்டையை யாரும் நினைப்பதில்லை. பழைய முகவரியில் பெயர் அப்படியே கிடக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள். மாநிலத்திலேயே மிகப் பெரிய பட்டியல் அது. அதில் எத்தனை பேர் உண்மையில் அங்கே வசித்தார்கள்? 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் அதற்கு ஒரு வெளிச்சம் காட்டியது. தமிழகம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அவர்களில் சுமார் 66 லட்சம் பேர் இடம் மாறிப் போனவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். அப்படியென்றால், அந்த முகவரியில் இல்லாதவர்களையும் சேர்த்து வகுத்துத்தான் இத்தனை காலம் சதவீதம் பார்த்திருக்கிறோம்.

தேர்தல் நாளன்று புறநகரில் ஏதாவது ஒரு வாக்குச்சாவடி வாசலில் நின்று பார்த்தால் புரியும். நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே மேசை போட்டு, கட்சிக்காரர்கள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கணவர் பெயர் இந்தச் சாவடியில் இருக்கும். மனைவியின் பெயர் அம்மா வீட்டு முகவரியில், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பூத்தில் இருக்கும். பதினெட்டு வயது முடிந்த மகனின் பெயர் எங்குமே இருக்காது. வெயில் ஏறும்போது அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு விரலில்தான் மை இருக்கும்.

இந்தப் புறநகர் மக்களின் அரசியல் சாய்வைக் கணிப்பதும் எளிதல்ல. 2011இல் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் மூன்று தொகுதிகளும் அ.தி.மு.க. வசம் போயின. 2016இல் தமிழகம் ஜெயலலிதாவை மீண்டும் முதல்வராக்கியது. ஆனால் இந்த மூன்று தொகுதிகளும் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தன. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியிருந்தன. வெள்ளம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மொட்டை மாடியில் படகுக்காகக் காத்திருந்தவர்கள் அதை மறந்துவிட்டு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். 2021இல் மூன்றையும் தி.மு.க. தக்கவைத்தது. 2024இல் தென்சென்னையில் பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் இரண்டாம் இடத்துக்கு வந்தார்; அ.தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. பரம்பரை ஓட்டு என்று எந்தக் கட்சியும் இங்கே நிம்மதியாக இருக்க முடியாது.

இப்படி யோசித்து ஓட்டுப் போடக்கூடிய ஊர், தனக்கு மிக நெருக்கமான உள்ளாட்சித் தேர்தலைத்தான் அதிகம் கைவிடுகிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பகுதிகளில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்களின் நிர்வாகம்தான். குடிநீருக்கும் குப்பைக்கும் யாரிடம் போவது என்று மக்கள் அலைந்த காலம் அது. கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. சனிக்கிழமை. மாநிலத்தின் சராசரி வாக்குப்பதிவு 60.70 சதவீதம். கரூர் மாநகராட்சியில் 75 சதவீதத்துக்கும் மேல். தாம்பரத்தில் ஏறக்குறைய 50 சதவீதம்தான். பக்கத்துச் சென்னையில் 43.59 சதவீதம்.

பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், சொத்து வரி, தெருவிளக்கு எல்லாமே மாநகராட்சியின் வேலை. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளுக்காகக் குடியிருப்போர் சங்கத்தினர் மனு கொடுத்திருக்கிறார்கள், தெருவில் நின்றிருக்கிறார்கள். அந்த அக்கறை வாக்குச்சாவடி வரை வர வேண்டும். வார்டு தேர்தலில் சில நூறு ஓட்டுகள் முடிவையே மாற்றும். பாதிப் பேர் வராத வார்டில், வந்தவர்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று ஒரு கவுன்சிலர் நினைத்தால் அந்தத் துணிச்சலைக் கொடுத்தது வராதவர்கள்தான்.

சொந்த ஊர்ப் பாசம் தவறல்ல. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் தாராளமாக ஊருக்குப் போகலாம். ஆனால் ஓட்டு, நாம் வாழும் தெருவுக்கு உரியது. முகவரி மாறியவர்கள் படிவம் 8, புதிதாகச் சேருபவர்கள் படிவம் 6 கொடுத்தால் போதும். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியல்தான் அடிப்படை என்பதால் ஒரு முறை சரிசெய்தால் எல்லாத் தேர்தலுக்கும் ஆயிற்று. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதுவரை காத்திராமல், உங்கள் வீட்டில் ஓட்டுரிமை உள்ள அத்தனை பேரின் பெயரும் ஒரே பூத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.