தூக்கம் வராத கமலும் உருகிப்போகும் கத்தியும்

நட்சத்திர ஓட்டல் அறை. மெத்தென்ற படுக்கை, சுற்றிலும் பேரமைதி. கமலுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை! வேலை தேடி அலைந்த நாட்களில் அவர் குடியிருந்த அறைக்குப் பக்கத்திலேயே ஒரு சினிமா தியேட்டர். ராத்திரியெல்லாம் அடிதடிச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகிய காது. என்ன செய்கிறார் தெரியுமா? டேப் ரெக்கார்டரோடு பழைய இடத்துக்கே போய் அந்த இரைச்சலைப் பதிவுசெய்து வந்து, ஓடவிட்டுத் தூங்குகிறார்!

எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஸ்பின்னிங் மில் சத்தத்தில் வளர்ந்த ஒருவரை, ஓடைச் சலசலப்பு மட்டும் கேட்கும் அய்யனார் கோவில் பக்கம் படுக்கச் சொல்லிப் பாருங்கள். விடியவிடிய விழித்துக் கிடப்பார்.

படம், சிங்கீதம் சீனிவாச ராவின் 'பேசும் படம்'. வந்தது 1987-இல். அதே ஆண்டு வந்த 'நாயகன்' பற்றி இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்தப் படத்தை மட்டும் ஏன் இப்படி மறந்துபோனோம்? பெருநகரத்தில் பேச்சுத்துணைகூட இல்லாத ஒரு பட்டதாரியின் தனிமையை, ஒரு வார்த்தை வசனமில்லாமல், வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துச் சொன்ன படம். தமிழில் 'பேசும் படம்', கன்னடத்தில் 'புஷ்பக விமானா', இந்தியில் 'புஷ்பக்'. வசனமே இல்லாததால் எந்த மொழிக்காரரும் பார்க்கலாம். ஒரு வீட்டில் தெலுங்கும் அடுத்த வீட்டில் தமிழும் கேட்கிற எங்கள் ஊருக்கென்றே எடுத்தது மாதிரி!

விதை விழுந்தது 1955-இல். கே. வி. ரெட்டியின் 'தொங்க ராமுடு' தெலுங்குப் படத்தில் சிங்கீதம் உதவியாளர். அதில் ஒரு காட்சியை வசனமே வைக்காமல் எடுத்தார்கள். முழுப் படத்தையும் இப்படி எடுத்தால் என்ன என்ற ஆசை அப்போது முளைத்தது. அதை முப்பது வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்திருக்கிறார்!

பணம் போட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கன்னடத்தின் சிருங்கார் நாகராஜ் துணிந்து வந்தார். பெங்களூரு விண்ட்சர் மேனர் ஓட்டலில் கேமரா இறங்கியது. யாரும் வாய் திறக்காதது செயற்கையாகத் தெரியக் கூடாதே? அதற்குத்தான் அந்தத் தூரங்கள்! கமலும் அமலாவும் எட்ட எட்ட நின்று ஜாடையிலேயே காதலிக்கிறார்கள். அந்தத் தூரத்தில் பேசினாலும் காதில் விழாது. மிச்சத்தை எல். வைத்தியநாதனின் இசை பார்த்துக்கொள்கிறது. ஆம், 'மால்குடி டேஸ்' மெட்டைத் தந்த அதே கை!

அந்த ஓட்டல் அறையில் தங்குவதற்காகக் கமல் கடத்திக் கட்டிப்போடும் குடிகாரப் பணக்காரர் சமீர் கக்கர். தூர்தர்ஷனின் 'நுக்கட்' தொடரில் குடிகாரராகவே நாட்டுக்கு அறிமுகமானவர். கட்டிப்போட்டாயிற்று, அவர் கழிக்கும் மலத்தை என்ன செய்வது? வண்ணத்தாள் சுற்றி, பரிசுப் பெட்டியாக்கி, ஊருக்குள் எங்காவது வைத்துவிட்டு நழுவுகிறார் கமல். இதைவிடக் கறுப்பான நகைச்சுவையைத் தமிழ்த் திரையில் நான் பார்த்ததில்லை.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. குத்திய ஆயுதத்தின் தடயமே இல்லாமல் உருகிவிடும் ஐஸ் கத்தியோடு கமலைத் துரத்தும் கூலிக்கொலைகாரர் டினு ஆனந்த். 'நாயகன்' கடைசிக் காட்சியில் வேலு நாயக்கரைச் சுட்டுச் சாய்ப்பாரே, அவரேதான்! அங்கே குறி தப்பவில்லை. இங்கே ஒவ்வொரு தடவையும் கோட்டை விடுகிறார், கத்தி கரைந்து சொட்டுகிறது. இரண்டு படத்தையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் 'நாயகன்', அப்புறம் இது!