குளிசை முடிந்ததும் இறங்கும் இரும்பு

கொண்டச்சி போன்ற கரையோர ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. மீனின் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். கூடவே உண்ணும் கீரை, பருப்பிலுள்ள இரும்பும் மீனோடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும். அப்படியும் ஒரு பெண்ணின் பெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, லீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே நிற்கலாம். குளிசை எடுத்தால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். இன்னொரு அட்டை குளிசை இதற்குப் பதில் ஆகாது. இரும்பு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

உடம்பில் இருப்பதே மூன்று, நான்கு கிராம்தான். பழைய சிவப்பணுக்களின் இரும்பை எடுத்தே உடல் புதியவற்றைச் செய்கிறது. உணவிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் சேர்ந்தால் போதும். இரத்தம் போனால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் 80 மில்லிலீட்டர் போனால் 40 மில்லிகிராம் போய்விடும். ஒரு கர்ப்பம் 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கேட்கும். "எனக்கு எப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்லிப் பழகிய பெண்ணிடம், எத்தனை நாள் போகிறது, கட்டி வருகிறதா என்று கேட்பதுதான் முதல் பரிசோதனை. அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

இரத்தம் போக வேறு வழிகளும் உண்டு. ஒருகாலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த தமிழகத் தொழிலாளரின் கதை இங்கே முக்கியமானது. தோட்டங்களில் அவர்கள் வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் விழுந்தார்கள். சோம்பல் என்று பழி கேட்டார்கள். குடலில் கொழுக்கிப்புழு இருந்தது. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் புழு அது. நூறு புழுக்கள் நாளொன்றுக்கு 3 மில்லிலீட்டர் இரத்தத்தை உறிஞ்சும். வேறொரு இனமானால் இன்னும் பல மடங்கு. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அமைப்பினர் மாத்தளைத் தோட்டங்களில் புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். புழு விழுந்தது, மலசலகூடம் இல்லாத தொழிலாளர் லயங்களில் மறுபடி ஏறியது. கழிப்பிடம் கட்டுவதில் தோட்ட முதலாளிகள் பலர் அக்கறை காட்டவில்லை. சோகைக்குக் காரணம் புழு. புழுவுக்குக் காரணம் அந்த மண். மண் கெட்டதற்குக் காரணம் செலவழிக்க மறுத்த மனிதர். அந்தக் கடைசிப் படிவரை போகாததால் அந்தத் தொழிலாளர் பட்ட பாடு இன்றும் என்னை வருத்துகிறது.

சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்பைத் தடுப்பது உண்மை; ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் தேத்தண்ணியில் பழியைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்துவது சரியில்லை. வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கலாம். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கலாம். உடலில் அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து, குறைபாட்டை மறைத்துவிடும். அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிவப்பணு சிறுத்திருந்தும் பெரிட்டின் நன்றாக இருந்தால், தலசீமியாக் கூறு உண்டா என்று தேட வேண்டும். பெரிட்டின் குறையாமல் அந்தக் கூறு மட்டும் உள்ளவர்களுக்கு இரும்புக் குளிசையால் பயனில்லை.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வலை இழுத்து வரும் தோள்வலிக்கு நாள்தோறும் போடும் டைக்ளோஃபெனாக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், அது எடுப்பதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். குடல் புற்றுநோய் சிலருக்கு முதலில் தெரியவருவது இந்த இரும்புக் குறைவாகத்தான். அதனால் இரும்பு குறைந்த ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குளிசையோடு சேர்த்து, குடலுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் வேண்டும்.