தேகப்பயிற்சியில் பகுப்பு முறை

தென்பாண்டிச் சிற்றூர்களில் ஓர் இளைஞனின் ஆற்றலை அளக்க முற்காலத்தில் இளவட்டக்கல் ஒன்றே போதியதாயிருந்தது. குனிந்து அக்கல்லைப் பற்றி, முழங்காலில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குமேல் தூக்கிப் பின்னே வீசுவான். காலும் இடுப்பும் முதுகும் கையும் அச்செயலில் ஒருங்கே உழைத்தன. இன்றோ சிவகாசி, சாத்தூர் போன்ற ஊர்களில் தேகப்பயிற்சி நிலையங்கள் தோன்றியுள்ளன. அங்குச் செல்லும் மாணவர் சில திங்களிலேயே கேட்கும் வினா ஒன்றுண்டு. செல்லும் நாளெல்லாம் உடல் முழுவதற்கும் பயிற்சி செய்வதா? அன்றி, மார்புக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் எனப் பகுத்துக்கொள்வதா?

பெருந்தசைகள் அனைத்துக்கும் ஒரே நாளில் வேலை கொடுத்து, மறுநாள் ஓய்ந்து, வாரத்தில் மூன்று நாள் பழகுவது முழுவுடற் பயிற்சி. உடலைப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாளை ஒதுக்குவது பகுப்பு முறை. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் ஆதலின் பள்ளியையே உவமையாகக் கூறுகிறேன். முன்னது ஓராசிரியர் பள்ளி. ஒருவரே எல்லாப் பாடங்களையும் சிறிது சிறிதாகப் புகட்டுகிறார். பின்னது உயர்நிலைப் பள்ளியின் பாடவேளை அட்டவணை. பாடம் விரிந்தபின்னரே அட்டவணை தேவையாகிறது. அட்டவணை போட்டதனால் பாடம் விரிந்துவிடாது.

முழுவுடற் பயிற்சி தொடக்க நிலையினர்க்கே உரியது என்று எண்ணுவாரும் உளர். 1947இல் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் பெற்ற ஸ்டீவ் ரீவ்ஸ் வாரத்தில் மூன்று நாள் முழுவுடற் பயிற்சி செய்தே அழகிய உடலைப் பெற்றார். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இலும் தங்கம் வென்றார். அவர் பயின்ற பளுதூக்கும் கலையில் ஒவ்வொரு தூக்கும் முழுவுடலின் உழைப்பேயாகும். ஆகவே பகுப்பு முறையை ஒரு பதவி உயர்வாகக் கருதலாகாது. அஃது ஒரு தேவைக்கு ஏற்பட்ட வழி.

அத்தேவை யாது? தசை வளர்வது பளுவைத் தூக்கும் வேளையில் அன்று. பின்னர்க் கிடைக்கும் உணவாலும் உறக்கத்தாலுமே வளர்கிறது. கடும் பயிற்சிக்குப்பின் தசையில் புதிய புரதம் சேரும் வேகம் மிகுந்து, ஒன்றிரண்டு நாளில் தணிகிறது. பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டி போன்ற ஊர்களில் இதனை விளக்குதல் எளிது. வெயிலில் உலர வேண்டிய சரக்கை ஈரத்தோடு கட்டினால் நமுத்துப்போகும். உலர்ந்த சரக்கை எடுக்காமல் போட்டுவைத்தாலோ தொழில் நடவாது. தசையும் அவ்வாறே. ஆறுமுன் வருத்தலும் தவறு. ஆறியபின் நெடுநாள் வாளாவிடுதலும் வீண். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஒரு தசையை வாரத்தில் ஒரு முறை பயிற்றுவதினும் இரு முறை பயிற்றுவது வளர்ச்சிக்கு நன்று எனக் கண்டது. பின்வந்த ஆய்வுகள், வாரத்தின் மொத்தச் சுற்றுகள் சமமாயின் நாட்கணக்கால் பெரிய வேறுபாடில்லை என்று காட்டின. எனவே வாரத்தின் மொத்தக் கணக்கே முதன்மையானது. அதனைச் சோர்வின்றி முடிக்க நாட்களைப் பகுக்கிறோம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாணவன் ஆறு பயிற்சிகளை மும்மூன்று சுற்று செய்கிறான். மொத்தம் 18 சுற்று. இடையோய்வு உட்பட ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடமாயின் 54 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓராண்டு சென்றபின் பளு கூடுகிறது, நான்கு சுற்று வேண்டியிருக்கிறது, ஓய்வும் நீள்கிறது. 24 சுற்றுக்கு நான்கு நிமிட வீதம் 96 நிமிடம். காலுக்கான பயிற்சியில் களைத்துவிட்ட அவன், முதுகுக்கான பயிற்சியை அரைகுறையாய் முடிக்கிறான். பகுக்க வேண்டிய காலம் அதுவே. அதற்குமுன் பகுப்பது பயனற்றது.

பகுக்குங்கால் எளிய முறையைக் கைக்கொள்க. திங்களும் வியாழனும் மேலுடல்; செவ்வாயும் வெள்ளியும் கீழுடல். இவ்வாறு ஒவ்வொரு தசையும் வாரத்தில் இரு முறை உழைக்கும். முன்பு மார்புக்கு நாளொன்றுக்கு 3 சுற்றாக மூன்று நாளில் 9 சுற்று செய்தவன், இப்போது நாளொன்றுக்கு 4 அல்லது 5 சுற்று செய்தால் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும். நாள் கூடிற்று என்று சுற்றுகளை இருமடங்காக்குவதே பலர் செய்யும் பிழை. முதற்சில வாரங்கள் பழைய மொத்தத்தையே காத்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுக.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. தாளில் நாம் பிரிக்கிறோம். உடல் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. மல்லாந்து படுத்துப் பளுவை மேலே தள்ளுகையில் மார்போடு தோளும் பின்புயமும் உழைக்கின்றன. மறுநாளே தோளுக்கெனத் தனிப்பயிற்சி வைத்தால் தோளுக்கு ஓய்வேது? விடுமுறையில் மூட்டை சுமக்கும் கல்லூரி இளைஞனுக்கு அந்நாள் முதுகுக்கும் காலுக்கும் உரிய பயிற்சி நாளே என்பதை அட்டவணை அறியாது. அவன்தான் கணக்கில் எழுத வேண்டும். தேர்வாலோ வேலையாலோ வாரத்தில் நான்கு நாள் உறுதியாக வர இயலாதவன் மூன்று நாள் முழுவுடற் பயிற்சியிலேயே நிற்பது மேல். பகுப்பு முறையில் ஒரு நாள் தவறினால் பாதி உடல் பல நாள் வெறுமனே இருக்கும். முழுவுடற் பயிற்சியில் ஒரு நாள் தவறினும் எதுவும் முற்றும் விடுபடாது.

பள்ளி மாணவர்க்கு இம்மாற்றம் அவசரமன்று. ஐந்து முதல் பதினேழு வயது வரை தசைக்கும் எலும்புக்கும் உரம் தரும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும் என்று 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. தண்டாலும் பஸ்கியும் அளவான பளுவும் கொண்ட முழுவுடற் பயிற்சி அதனை நிறைவேற்றும். அதனை நல்லாசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் செய்க.

உணவின்றி எம்முறையும் பலிக்காது. பளுப்பயிற்சி செய்வோர்க்கு உடலெடை கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராமும், 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராமும் உண்டு. பருப்பு, பயறு, பால், மீன் ஆகியவற்றால் எஞ்சியதை நிரப்பலாம். விரைவில் தசை ஏற்றுவதாகச் சொல்லி விற்கும் ஊசிமருந்துகளை அறவே தீண்டாதீர். இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, தேதி, பளு, சுற்று, உறங்கிய நேரம் ஆகிய நான்கையும் எழுதிவாருங்கள். முறையை மாற்ற எண்ணும்போது, முதலில் கடந்த எட்டு வாரப் பக்கங்களைப் புரட்டுங்கள். பளு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் பழைய முறையே உங்களுக்கு ஏற்றது. உணவும் உறக்கமும் குறைவின்றி இருந்தும், பயிற்சியின் பிற்பகுதி மட்டும் தொடர்ந்து தளருமாயின், அப்போது பகுத்துக்கொள்ளுங்கள்.