தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி: எந்த ரகம் கிடைக்கும்? எப்போது பயன்படுத்தலாம்? சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: அசாமில் பாதுகாப்பு குறைந்த, தொலைதூரப் பகுதிகளில் வசிக்கும் பூர்வகுடி மக்களுக்குத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்கும் திட்டத்துக்கு அம்மாநில அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. இத்தகைய அறிவிப்புகள் வெளியாகும்போதெல்லாம், சாதாரண குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியுமா, எந்த வகைத் துப்பாக்கியை வாங்க முடியும், அதை வெளியே எடுத்துச் செல்லலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. இவை குறித்து விரிவாகக் காணலாம்.

உரிமை அல்ல, அனுமதி

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் அளித்துள்ள உரிமை. இந்தியாவில் நிலைமை வேறு. உரிமம் இல்லாத துப்பாக்கிகள் தொடர்பான உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை 2023 பிப்ரவரியில் விசாரித்த உச்சநீதிமன்றம், இந்திய அரசமைப்பில் ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமையாக வழங்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுமே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

விண்ணப்பிப்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்றவர். காவல்துறை விசாரணை அறிக்கை கட்டாயம். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் விண்ணப்பதாரர் முடித்திருக்க வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது.

2019-இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் கால அளவு மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

.32, .22 மட்டும் ஏன்?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிப்பதே .32, .22 என்னும் எண்கள். ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .45 போன்ற அளவுகள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிரிவில் உள்ளன. இவற்றுக்கான அனுமதி மத்திய உள்துறை அமைச்சகத்தின் வரம்புக்கு உட்பட்டது. சாதாரண குடிமக்களுக்கு எளிதில் கிடைக்காது. எனவே தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி தேடுவோருக்கு நடைமுறையில் எஞ்சுவது பெரும்பாலும் .32 ரகமும், அதைவிடச் சிறிய .22 ரகமும்தான்.

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, பெண்களை மனத்தில் கொண்டு 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் அறிமுகப்படுத்தியது. டைட்டானியக் கலவையால் செய்யப்பட்ட அதன் எடை சுமார் 500 கிராம். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்ட அதன் விலை சுமார் ரூ.1.22 லட்சமாக இருந்தது. தற்காப்பு தேவைப்படும் பெரும்பாலான பெண்களுக்கு இந்த விலை எட்டாதது என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது. பின்னர் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, சுமார் 250 கிராம் எடையுள்ள 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில் பொதுத்துறை நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா, தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் இழுத்தாலே அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்துவிடும். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் உறையில் வைத்து எடுத்துச் செல்வது எளிது. ஆனால் தோட்டா சிக்கிக்கொண்டால் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பதற்றத்தில் அதைச் செய்வதற்குத் தொடர் பயிற்சி தேவை.

எடை குறைந்த துப்பாக்கியே புதியவர்களுக்கு ஏற்றது என்ற எண்ணமும் முழுவதும் சரியல்ல. ஒரே தோட்டாவைச் சுடும்போது, கனமான துப்பாக்கியைவிட லேசான துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பதும் கடினமாகும். .22 ரகத்தில் உதைப்பு மிகக் குறைவு. ஆனால் அதன் தோட்டாவுக்குத் தாக்கும் திறனும் குறைவு. வெடிக்கத் தவறும் வாய்ப்பு மற்ற தோட்டாக்களைவிட அதிகம்.

மற்றொரு முக்கியச் செய்தி: .32 என்ற ஒரே எண் இருந்தாலும், ரிவால்வருக்கான தோட்டாவும் பிஸ்டலுக்கான தோட்டாவும் வெவ்வேறானவை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

மறைத்து எடுத்துச் செல்லலாமா?

பொது இடத்தில் கைத்துப்பாக்கி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றே 2016-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அதற்குரிய உறையிலோ பையிலோ, உரிமம் பெற்றவரின் முழுக் கட்டுப்பாட்டில் அது இருக்க வேண்டும். அதை வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதும், விழாக்களில் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உரிமத்தில் குறிப்பிடப்பட்ட பகுதிக்கு வெளியே ஆயுதத்தைக் கொண்டு செல்ல முடியாது. விமானப் பயணியின் கைப்பையிலும் அதற்கு இடமில்லை. தேர்தல் காலத்தில் அதிகாரிகள் கேட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரையும், தடை செய்யப்பட்ட ரகம் என்றால் ஏழு முதல் 14 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு.

எப்போது சுடலாம்?

துப்பாக்கி உரிமம் என்பது சுடுவதற்கான உரிமம் அல்ல. தற்காப்பு உரிமையை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல்களில், தாக்குபவருக்கு உயிரிழப்பு ஏற்பட்டாலும் அது குற்றமாகாது என்கிறது 38-ஆவது பிரிவு.

ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கை விளைவிக்கவோ, காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது ஆயுதத்தைப் பயன்படுத்தவோ 37-ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை. கத்தியுடன் பாய்பவரைச் சுடுவதும், பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவரின் முதுகில் சுடுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. தற்காப்புக்காகவே சுட்டதாகக் கூறுபவர்தான் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

வீட்டில் துப்பாக்கி இருப்பது, அங்கு வசிப்போரின் தற்கொலை அபாயத்தை அதிகரிப்பதாக அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தைகளும் மனவேதனையில் இருப்பவர்களும் உள்ள வீட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது. துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் தோட்டாக்களைத் தனியாகவும் வைப்பதே பாதுகாப்பானது. ஆனால் அவ்வாறு பூட்டி வைத்த ஆயுதம், நள்ளிரவில் கதவு உடைக்கப்படும் சில நொடிகளில் கைக்கு வந்து சேருமா என்பதும் நியாயமான கேள்வியே.

உடனடி ஆபத்தில் இருப்பவர்கள் நாடு முழுவதும் செயல்படும் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கலாம். உரிமம் கோருவோர், எந்த ரகம் என்பதை முடிவு செய்வதற்கு முன், அதை யார் கைக்கும் எட்டாமல் வைக்க வீட்டில் இடம் உள்ளதா, தொடர்ந்து பயிற்சி பெற முடியுமா, சுட்டபின் எழும் வழக்கை எதிர்கொள்ளத் தயாரா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்வது நல்லது.