உங்களுக்குத் தெரியுமா? வயதான நாயும் நடக்க வேண்டும்!

● ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாழ்ந்த புளூயி என்ற நாய், ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆடுமாடுகளை மேய்த்தது. 1939-இல் இறந்தபோது அதன் வயது 29 ஆண்டு, 5 மாதம். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற ஆயுள் இது!

● எல்லா நாய்க்கும் ஒரே வயதில் முதுமை வருவதில்லை. கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு 6, 7 வயதிலேயே வந்துவிடும். பொமரேனியன் போன்ற சிறியவற்றுக்குப் பத்தைத் தொட வேண்டும்.

● ‘வயசாயிடுச்சு, படுத்தே கிடக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். மூட்டைத் தாங்கிப் பிடிப்பது அதைச் சுற்றியுள்ள தசைதான். நடை நின்றால் தசை கரையும், மூட்டுவலி கூடும்.

● ஒரே நீண்ட நடையைவிட, 10, 15 நிமிடமாக இரண்டு மூன்று முறை அழைத்துப் போவது நல்லது. மறுநாள் காலையில் எழுந்திருக்கத் திணறினாலோ நொண்டினாலோ, முந்தைய நாள் நடை அதிகம். தூரத்தைக் குறையுங்கள்.

● வழியெல்லாம் நின்று நின்று மோப்பம் பிடிக்கிறதா? கயிற்றை இழுக்காதீர்கள். வேகமாக ஓட முடியாத வயதில் அதன் மூளைக்கு அதுவே நல்ல பயிற்சி.

● நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கிளம்பும் முன் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

● இடுப்பு மூட்டு வரை தண்ணீரில் நிற்கும் நாயின் கால்களில், உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான் இறங்கும். மூட்டு தேய்ந்த நாய்களை மருத்துவர்கள் நீருக்குள் நடக்கவிடுவது இதனால்தான்.

● 48 லாப்ரடார் நாய்களை 14 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. கால் பங்கு உணவைக் குறைத்துக் கொடுத்து ஒல்லியாக வளர்த்தவை, மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

● வழுக்கும் டைல்ஸ் தரை, வயதான நாயின் எதிரி. அது நடமாடும் இடத்தில் நழுவாத மிதியடி விரியுங்கள். நகத்தையும் வெட்டிவிடுங்கள், நீண்ட நகம் கால் ஊன்றும் முறையையே மாற்றிவிடும்.

● வலியில் முனகினாலும் நாம் சாப்பிடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகவே கொடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு நடக்கலாம் என்பதையும் கேட்டு வாருங்கள்.